வருடப் பாஸ் வைத்திருப்பவர்களை ஊழியர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?

கேள்வி: நாங்கள் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் எங்கள் குடும்பத்தில் நாலு பேருக்கும் வருடப் பாஸ் எடுத்திருக்கிறோம். மாதத்துக்கு இரண்டு முறையாவது போய்விடுவோம். போன மாதம் ஒரு பெரிய ரைடுக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று மேலே போனால், அங்கே இருந்த தம்பி என் ஒன்பது வயது மகனை அளந்து பார்த்து, உயரம் பத்தாது என்று திருப்பிவிட்டார். 140 சென்டிமீட்டர் வேண்டுமாம். வீட்டில் அளந்தபோது இவன் 139 இருந்தான். அதற்கு முந்தைய தடவை இதே ரைடில் வேறொருவர் ஏற்றியிருக்கிறார். "போன தடவை விட்டாங்களே, நாங்க ஆன்யுவல் பாஸ் வெச்சிருக்கோம்" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் மசியவில்லை. நாங்கள் திரும்பும்போது பக்கத்தில் இருந்தவரிடம் "பாஸ்காரங்கன்னாலே இப்படித்தான்" என்று தமிழிலேயே சொல்லிச் சிரித்தார். மகன் அழுதுகொண்டே இறங்கி வந்தான். ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டு, அடிக்கடி வரும் எங்களுக்கு இதுதான் மரியாதையா? எங்களைப் பற்றி உண்மையில் என்னதான் நினைக்கிறார்கள்? அவர்மேல் புகார் கொடுக்கலாமா?

பதில்:

வணக்கம் சார். அந்தச் சிரிப்பு தப்பு. அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ரைடுகளில் நிற்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. அதற்கு முன்னால் நானே பிளாட்பாரத்தில் நின்று இருக்கைகளின் லாக் சரிபார்த்தவள். வந்தவர்களைப் பற்றி அவர்கள் காதுபடப் பேசக் கூடாது என்பது நாங்கள் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் விஷயம். அதுவும் பெங்களூரில் எந்த மொழியில் முணுமுணுத்தாலும் வரிசையில் ஒருவருக்காவது புரிந்துவிடும். அழும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும் அப்பாவுக்குப் பின்னால் அப்படிச் சிரித்தது மனசைப் புண்படுத்தத்தான் செய்யும்.

ஆனால் அந்தத் தம்பி உங்கள் மகனை ஏற்ற மறுத்தது முழுக்கச் சரி. இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

பாஸ் வைத்திருப்பவர்களின் முகம் ஊழியர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒருநாள் டிக்கெட்டில் வருபவர் கூட்டத்தோடு வந்து கூட்டத்தோடு போய்விடுவார். மாதம் இருமுறை வருபவர் அப்படியில்லை. எந்தப் பெண்ணுக்கு அலைக்குளம் என்றால் பயம், எந்த அம்மா நைலான் உடை விஷயத்தில் ஒவ்வொரு தடவையும் கவுண்டரில் வாக்குவாதம் செய்வார், எந்த அப்பா "சாப்ட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் சீட்டில் உட்காருவார், எல்லாம் தெரியும். மதியம் ஸ்டாஃப் கேன்டீனில் உங்கள் பேச்சு அடிபடும். நல்லதாகவும் வரும், மற்றதாகவும் வரும்.

நல்லதைப் பற்றி வெளியே யாரும் எழுதுவதில்லை என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏப்ரல், மே மாதங்களிலும் டிசம்பர் விடுமுறையிலும் பூங்கா நிரம்பி வழியும். ஜூலை, ஆகஸ்டில் மழை தூறும் ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள், பாதி இருக்கைகளோடுதான் ரைடு கிளம்பும். அன்றைக்கு வந்திருப்பவர்களில் கணிசமான பேர் பாஸ்காரர்கள். நாள் முழுக்க நின்றுகொண்டு, கன்னடத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரே எச்சரிக்கையை நூறு தடவை சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு பையனுக்கு, பேர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரிக்கும் ஒரு முகம் வருவது பெரிய விஷயம். இவர்களில் பலர் ராமநகரம், மண்டியா பக்கம் இருந்தும், ஓசூர், கிருஷ்ணகிரியில் இருந்தும் வந்து ஷேரிங் அறையில் தங்கியிருப்பவர்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் லீவு கிடைக்காது, ஏனென்றால் அன்றைக்குத்தான் மற்ற எல்லோருக்கும் லீவு.

எனக்குத் தெரிந்த ஒரு பாஸ் குடும்பத்தைச் சொல்கிறேன். வரிசைக்கு வருவதற்கு முன்பே செல்போன், கண்ணாடி, தொப்பி எல்லாம் லாக்கரில் போய்விடும். சீட்டில் உட்கார்ந்ததும் மடிமேல் படியும் கம்பியான லேப் பாரைத் தாங்களே தொடைவரை இழுத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிடுவார்கள். ஆபரேட்டர் வந்து பாரை ஒரு தடவை கீழே அழுத்தி, ஒரு தடவை மேலே இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போக வேண்டியதுதான். பக்கத்து சீட்டில் முதல் தடவை வந்த பாட்டி யாராவது நடுங்கிக்கொண்டிருந்தால், "கண்ணை மூடாதீங்கம்மா, மூடினா தலை சுத்தும்" என்று அந்த வீட்டுப் பெண் சொல்லிக்கொடுக்கும். ஒருநாள் அந்த அப்பா இறங்கும்போது, "மூணாவது வளைவுல இன்னைக்குச் சத்தம் வேற மாதிரி இருந்துச்சு" என்றார். ஆபரேட்டர் அதை மெயின்டனன்ஸுக்குச் சொன்னார், அவர்கள் வந்து பார்த்தார்கள். ஒரே ரைடில் திரும்பத் திரும்ப ஏறியவருக்குத்தான் அந்த வித்தியாசம் காதில் படும். இப்படிப்பட்டவர்கள் வந்தால் பிளாட்பாரத்தில் எல்லோர் முகமும் மலரும். அடிக்கடி வருகிறார்களே என்று யாரும் அலுத்துக்கொள்வதில்லை.

அலுத்துக்கொள்வது வேறொன்றுக்கு. நீங்கள் சொன்ன அதே வாக்கியம்தான் சார்: "போன தடவை விட்டாங்களே."

ஊழியர்கள் அதிகம் பயப்படும் வாக்கியம் இது. நீங்கள் உண்மையைத்தான் சொன்னீர்கள், சந்தேகமில்லை. ஆனால் எதிரில் நிற்பவரின் இடத்தில் இருந்து பாருங்கள். நீங்கள் சொல்வது பொய்யாக இருந்தால் அவர் ஏமாற்றப்படுகிறார். உண்மையாக இருந்தால், கூட வேலை செய்யும் ஒருவர் விதியை மீறியிருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதை சூப்பர்வைசரிடம் சொன்னால் நண்பனுக்கு வேலை போகலாம். சொல்லாமல் உங்களையும் ஏற்றிவிட்டால், அடுத்த தடவை நீங்கள் "போன தடவை விட்டாங்களே" என்று சொல்லும்போது அந்த ஆள் இவராக இருப்பார். பின்னால் நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள், மேலே கேமரா இருக்கிறது, ரைடைக் கிளப்பச் சொல்லி வாக்கி டாக்கியில் குரல் வந்துகொண்டிருக்கிறது. இத்தனைக்கும் நடுவில், சம்பளத்தில் உங்கள் வீட்டு மாதச் செலவில் பாதிகூட வாங்காத ஒரு பையன் "முடியாது சார்" என்று சொல்ல வேண்டும்.

பாஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இப்படி என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த வாக்கியத்தைச் சொல்லக்கூடியவர் பாஸ் வைத்திருப்பவர் மட்டும்தான். ஒருநாள் டிக்கெட்காரருக்குப் போன தடவை என்ற ஒன்றே கிடையாது. அந்தத் தம்பியின் கிண்டல் அங்கிருந்துதான் வந்தது. அதே நாளில் உங்களுக்கு முன்னால் யார் யார் அவரிடம் இதையே சொன்னார்களோ.

பாஸ் உங்களுக்குத் தருவது நுழைவை. வருடம் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். சில பூங்காக்களில் சாப்பாட்டில், கடையில் தள்ளுபடியும் இருக்கும். பி.எம்.டி.சி. நகரப் பஸ்ஸுக்கு மாதப் பாஸ் வைத்திருக்கிறோம் என்பதற்காக மேம்பாலத்தின் நடுவில் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல மாட்டோம் இல்லையா, அந்த மாதிரிதான் ரைடின் விதியும். அதை வைத்தது அந்தப் பையன் இல்லை, பூங்கா முதலாளியும் இல்லை. ரைடைச் செய்த நிறுவனம் உயரத்தையும் எடையையும் கணக்குப் போட்டுக் கொடுத்தது அது.

உயரம் ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மகனுக்கு விளக்க உதவும். தோளுக்கு மேல் இறங்கும் கவசமோ மடிமேல் படியும் லேப் பாரோ, ஒரு குறிப்பிட்ட அளவு உடம்பைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. இடுப்பு எலும்பு எங்கே வரும், முதுகு சாய்மானத்தில் எதுவரை படும், கால் எங்கே ஊன்றும் என்பதெல்லாம் அதில் அடக்கம். பிளாட்பாரத்தில் ஒவ்வொருவருக்கும் இதையெல்லாம் அளக்க முடியாது. சட்டென்று அளக்கக்கூடியது உயரம் ஒன்றுதான். குட்டையான பிள்ளை வண்டி தலைகீழாகும்போதோ சடாரென்று நிற்கும்போதோ கவசத்துக்கு அடியில் நழுவ இடம் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டரில் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். கோட்டை எங்கே போட்டாலும் அதற்கு ஒரு சென்டிமீட்டர் கீழே ஒரு பிள்ளை நிற்கும். 139-ஐ விட்டால் 138-ன் அப்பா கேட்பார்.

வரம்பைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2022 மார்ச்சில் அமெரிக்காவில் ஆர்லாண்டோவில் நடந்தது போதும். உயரமான கோபுரத்திலிருந்து கீழே விழும் ரைடில் 14 வயதுப் பையன் ஒருவன் இருக்கையிலிருந்து நழுவி விழுந்து இறந்தான். அவனுடைய எடை, ரைடைச் செய்தவர்கள் சொன்ன வரம்புக்கு மேல். கவசம் முழுசாக இறங்காதபோதும் ரைடு கிளம்பும்படி அந்த இருக்கையின் சென்சார் கையால் மாற்றப்பட்டிருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. பெரிய உடம்புக்காரர்களும் ஏறட்டும் என்று யாரோ இடம் கொடுத்திருக்கிறார்கள். இரக்கமோ வியாபாரமோ, எதனால் இடம் கொடுத்தாலும் முடிவு அதுதான்.

நம் நாட்டில் விபத்து நடந்தால் பழி யார்மேல் விழும் என்பதும் இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊசல் போல ஆடும் ராட்டினம் முறிந்து 2 பேர் இறந்தார்கள். கைதான 6 பேரில் நடத்தியவர்களோடு ரைடை இயக்கியவர்களும் இருந்தார்கள். சென்னைக்குப் பக்கத்தில் 2016 மே மாதம் ஒரு பூங்காவில் ஊழியர்களே ஏறிச் சோதனை ஓட்டம் பார்த்தபோது ராட்டினம் பழுதாகி ஒரு ஊழியர் இறந்தார். காலையில் கதவு திறப்பதற்கு முன்னால் பூங்காக்களில் ரைடுகளை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் உங்களை ஏற்றுகிறார்கள். "முடியாது சார்" என்ற சொல்லுக்குப் பின்னால் இதெல்லாம் இருக்கிறது.

இது இங்கே மட்டும் இருக்கும் தகராறு இல்லை. வருடப் பாஸ் என்றதும் உலகத்தில் பலர் பேசுவது 1955-ல் கலிஃபோர்னியாவில் திறந்த டிஸ்னிலேண்டைப் பற்றித்தான். சுற்றுவட்டாரத்து ஆட்களே பெரும் எண்ணிக்கையில் பாஸ் எடுத்து, வேலை முடிந்த மாலையில்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் இடம் அது. அங்கேயும் ஸ்பேஸ் மவுன்டன் என்ற ரைடுக்கு 102 சென்டிமீட்டர் வேண்டும், பக்கத்துப் பூங்காவில் இன்கிரெடிகோஸ்டருக்கு 122 வேண்டும். எத்தனை வருடமாகப் பாஸ் வைத்திருந்தாலும் அந்த அளவு மாறாது.

அங்கே பாஸ்காரர்களுக்கும் நிர்வாகத்துக்கும் நடந்த இழுபறி உங்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன். கொரோனாவால் பூங்கா மூடியிருந்தபோது, 2021 ஜனவரியில் பழைய வருடப் பாஸ் திட்டத்தையே டிஸ்னிலேண்ட் நிறுத்திவிட்டது. அதே வருடம் ஆகஸ்டில் மேஜிக் கீ என்ற புதிய பாஸ் வந்தது. இதில் பாஸ் இருந்தாலும் வருவதற்கு முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது. 1,399 டாலர் கொடுத்து, எந்த நாளும் தடை இல்லை என்று நம்பி மிக உயர்ந்த பாஸை வாங்கியவர்கள், முன்பதிவு கிடைக்காமல் திண்டாடினார்கள். ஒரு பாஸ்காரர் வழக்குப் போட்டார். அது எல்லோருக்குமான வழக்காகி, 2023-ல் 95 லட்சம் டாலருக்கு சமரசம் ஆனது. நடுவில், 2022 ஆகஸ்டில் வந்த நிறுவனத்தின் காலாண்டு அறிக்கையில், டிஸ்னிலேண்டுக்கு வந்த கூட்டத்தின் கலவை, அதாவது எந்த வகை டிக்கெட்டில் எத்தனை பேர் வந்தார்கள் என்பது, சாதகமாக இல்லை என்று ஒரு வரி. அது தங்களைத்தான் குத்திக்காட்டுகிறது என்று பாஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த வாசகத்தையே டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள்.

ஆக, பாஸ்காரர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு சொன்னதைத் தராமல் போனால் கேட்கத்தான் வேண்டும். எங்கே கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வழக்குப் போட்டவர் நிறுவனத்தின்மேல் போட்டார். அதே நாட்களில் நுழைவாயிலில் நின்ற ஊழியரிடம் கத்திவிட்டுப் போனவர்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை, அந்த ஊழியருக்குத்தான் அன்றைய நாள் கெட்டது.

பாஸ்காரர்களால் வருமானம் குறைவு என்பதால் ஊழியர்களுக்கு வெறுப்பு என்று ஒரு பேச்சும் உண்டு. கடை, உணவகம் பக்கம் அது ஓரளவு இருக்கும். விற்பனை இலக்கு வைத்திருப்பவருக்கு, வீட்டில் சாப்பிட்டுவிட்டு மதியம் மூன்று மணிக்கு வரும் குடும்பத்தால் பெரிய லாபம் இல்லை. ரைடில் நிற்பவருக்கு நீங்கள் பாப்கார்ன் வாங்கினீர்களா இல்லையா என்பது ஒரு பொருட்டே இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு கூச்சப்பட வேண்டாம்.

சரி, புகார். கொடுங்கள், கட்டாயம் கொடுங்கள். ஆனால் நீங்கள் நினைத்த புகார் வேண்டாம். அந்தத் தம்பியின் பெயரைப் போட்டு "எங்களை அவமானப்படுத்தினார்" என்று எழுதினால், உயரம் பார்த்துத் திருப்பி அனுப்பியதற்கும் சேர்த்து அவருக்குத் தண்டனை கிடைக்க வாய்ப்பு உண்டு. அப்புறம் அவர் யாரையும் திருப்பி அனுப்பத் தயங்குவார். அது உங்கள் பிள்ளைக்கும் நல்லதில்லை, வேறு யார் பிள்ளைக்கும் நல்லதில்லை. பேச்சைப் பற்றி எழுதுவதானால் பெயர் இல்லாமல் எழுதுங்கள்: இந்த ரைடில் ஊழியர்கள் விருந்தினர் காதுபடக் கேலி பேசுகிறார்கள், பயிற்சியில் இதைக் கவனியுங்கள் என்று. என்னைப் போன்றவர்கள் கைக்கு அது வரும். பெயரில்லாத புகார்தான் வகுப்பில் எல்லோரிடமும் பேசச் சௌகரியமானது.

அதைவிடப் பெரிய புகார் உங்களிடம் இன்னொன்று இருக்கிறது, அதை நீங்கள் புகாராகவே நினைக்கவில்லை. முக்கால் மணி நேரம் நின்ற பிறகு மேலே கொண்டுபோய் ஏன் அளக்கிறார்கள்? வரிசையின் தொடக்கத்திலேயே அளவுகோல் பலகையும் அளந்து பார்க்க ஒரு ஆளும் இருந்திருந்தால், உங்கள் மகன் கீழேயே வேறு ரைடுக்குப் போயிருப்பான், அழுகைக்கு இடமே இருந்திருக்காது. சில இடங்களில் உள்ளே வந்ததும் ஒரு தடவை அளந்து, உயரத்துக்கு ஏற்ற நிறத்தில் மணிக்கட்டுப் பட்டை கட்டிவிடுகிறார்கள். பிறகு நாள் முழுக்க யாரும் யாரோடும் வாதாட வேண்டியதில்லை. இதை எழுதுங்கள். ஒரு தடவை ஏற்றினார்கள், அடுத்த தடவை மறுத்தார்கள், ஆளுக்கு ஒரு மாதிரி நடக்கிறது, சரிசெய்யுங்கள் என்பதையும் எழுதுங்கள். மகன் உயரம் குறைவாக இருந்தபோது ஏற்றப்பட்டான் என்று எழுதச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் பாதுகாப்புப் பிரிவுக்குத் தெரிய வேண்டிய தகவல் அதுதான். தேதி, நேரம், ரைடின் பெயர் போதும். மாதம் இருமுறை வரும் பாஸ்காரர் எழுதியது என்றால் படிப்பார்கள், ஏனென்றால் நீங்கள் ஒருநாள் பார்த்ததை எழுதவில்லை.

ஒருவேளை முதல் தடவை ஏற்றியவர் விதியை மீறாமலும் இருந்திருக்கலாம். காலையில் எழுந்ததும் நம் எல்லோருக்கும் உயரம் சற்று அதிகம். நாள் முழுக்க நடந்து, நின்று, குதித்தபின் முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் வட்டுகள் அழுந்தி, சாயங்காலத்துக்குள் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக்கூடக் குறையும். காலை பதினொரு மணிக்குத் தடிமனான ஷூவோடு அளந்த பிள்ளையும், மாலை ஐந்து மணிக்கு வெறுங்காலோடு அளந்த பிள்ளையும் ஒரே பிள்ளைதான். ஊழியர்களுக்கு இதெல்லாம் பழக்கம். பிள்ளை நேராகத்தான் நிற்கிறதா என்று பார்க்க, குனிந்து குதிகாலுக்கு அடியில் விரலை நுழைத்துப் பார்ப்பார்கள். சாக்ஸுக்குள் மடித்து வைத்த கைக்குட்டை, உச்சியில் தூக்கிப் போட்ட கொண்டை, எல்லாம் அந்த விரலுக்கும் உள்ளங்கைக்கும் அகப்படும்.

மகனிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். "அந்த அண்ணன் மோசம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒன்பது வயதில் பிள்ளைகள் சராசரியாக வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்வார்கள். வீட்டுச் சுவரில் 140-ல் ஒரு கோடு போட்டு, மாதம் ஒருமுறை மாலை நேரத்தில், வெறுங்காலில் அளக்கச் சொல்லுங்கள். தலை கோட்டைத் தாண்டியதும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், பள்ளி லீவு விடும் ஒரு வார நாளில் காலையிலேயே, கூட்டம் சேர்வதற்கு முன் போங்கள். உங்கள் பாஸ் முடிவதற்குள் அவன் அந்த ரைடில் ஏறிவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. அன்றைக்கு அங்கே அதே தம்பி நின்றால், மகனையே முன்னால் அனுப்பி, "அண்ணா, இப்ப அளந்து பாருங்க" என்று கேட்கச் சொல்லுங்கள்.